வரிசை மாறலாம், விடை மாறக்கூடாது: ஒரு ஜாயின் விதியைத் திருத்திய அனுபவம்

புகாரில் ஒரே வரிதான் இருந்தது. முடிந்துபோன ஒரு மாதத்தின் தள்ளுபடிக் கூட்டுத்தொகை போன வாரம் ஒன்றாகவும் இந்த வாரம் வேறாகவும் வருகிறது, இடையில் யாரும் டேட்டாவைத் தொடவில்லை என்று எழுதியிருந்தார்கள். குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி, மாறவில்லை. டேபிள்கள் மாறவில்லை. விடையில் வந்த பதிவுகளின் எண்ணிக்கைகூட மாறவில்லை. ஒரு புலத்தின் கூட்டல் மட்டும் குறைந்திருந்தது.

நான் அப்போது ஒரு டேட்டாபேஸ் எஞ்சினின் குவெரி ஆப்டிமைசரில், அதாவது விடை தேடும் வழியை (பிளானை) தேர்ந்தெடுக்கும் பகுதியில், வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாயின்களின், அதாவது டேபிள்களை ஒன்றோடொன்று சேர்ப்பதன், வரிசையை மாற்றும் விதிகள் என் பொறுப்பு. புகாரைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆப்டிமைசர் மோசமான பிளானைத் தேர்ந்தெடுத்தால் பயனர் கொஞ்ச நேரம் காத்திருப்பார், நம்மைத் திட்டுவார். தவறான விடையைக் கொடுத்தால் அவருக்கே தெரியாமல் அந்த எண்ணை நம்பி ஏதோ ஒரு முடிவை எடுத்திருப்பார். இது அடிமடியிலேயே கைவைக்கும் பிழை.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நாம் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். எந்த டேபிளை எதோடு முதலில் சேர்ப்பது என்பதை ஆப்டிமைசர் முடிவு செய்கிறது. 10 டேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதற்கு மட்டும் 36,28,800 வரிசைகள் உண்டு. சேர்த்த இரண்டு கூட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கவும் அனுமதித்தால் அது 1,764 கோடியைத் தாண்டிவிடும். 1979-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்திலிருந்து பட்ரீஷியா செலிங்கரும் குழுவினரும் எழுதிய கட்டுரைதான் இந்தத் தேடலை டைனமிக் புரோகிராமிங் மூலம் சமாளிக்கும் வழியைக் காட்டியது. சின்னக் கூட்டங்களுக்கான சிறந்த பிளானைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் பெரியவற்றைக் கட்டுவது. இன்றும் பல எஞ்சின்களின் அடித்தளம் அதுதான்.

இருபுறமும் பொருந்தும் பதிவுகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின்கள் மட்டும் இருக்கும்வரை வாழ்க்கை சுலபம். எந்த வரிசையில் சேர்த்தாலும் விடை ஒன்றேதான். லெஃப்ட் ஜாயின் இடது டேபிளின் பதிவுக்குப் பொருத்தம் இல்லாவிட்டாலும் அதை வைத்துக்கொண்டு மறுபுறத்தை வெற்றாக (நல், மதிப்பே இல்லாமல்) விடும். அது உள்ளே வந்ததும் சில மாற்றங்கள் சரி, சில தவறு, சில ஒரு நிபந்தனையின் பேரில் மட்டும் சரி. என்னைப் படுத்திய பிழை அந்த மூன்றாவது வகையில் இருந்தது.

முதல் இரண்டு நாள் வீணாய்ப் போனது. அவர்கள் அனுப்பிய டேட்டாவை என் கணினியில் ஏற்றி அதே குவெரியை ஓட்டினால் விடை சரியாக வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினேன், சரியாகவே வந்தது. அப்புறம்தான் உறைத்தது: டேட்டா ஒன்றாக இருந்தாலும் புள்ளிவிவரங்கள் வேறு. ஆப்டிமைசர் பிளானைத் தேர்வு செய்வது டேட்டாவைப் பார்த்து இல்லை. டேபிளில் எத்தனை பதிவுகள், புலத்தில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்று முன்கூட்டியே சேகரித்து வைத்த புள்ளிவிவரங்களைப் பார்த்துத்தான். அவர்களுடைய எஞ்சினில் இடைப்பட்ட ஒரு இரவில் புள்ளிவிவரங்கள் புதுப்பிக்கப்பட்டிருந்தன. அவற்றை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லி என் கணினியில் ஏற்றியதும் தவறான கூட்டுத்தொகை முதல் முறையிலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பிழைப் புகாரோடும் குவெரி, டேபிள் அமைப்பு, புள்ளிவிவரங்கள், எல்லா செட்டிங்குகளும் சேர்ந்து வரவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தோம். இந்த நான்கையும் ஒரே கோப்பாகச் சேர்த்துத் தரும் ஒரு கமாண்டையும் எஞ்சினிலேயே சேர்த்தோம். அந்த வருடத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலைகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பிழை கைக்கு வந்தபின் வேலை வேகமாக நடந்தது. எங்கள் எஞ்சினில் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு. சுமார் 40 விதிகள். பாதியை அணைத்து ஓட்டு, விடை சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில், மறுபடி அதைப் பாதியாக்கு. ஆறு முறைக்குள் ஒரே ஒரு விதியில் வந்து நின்றது: இரண்டு லெஃப்ட் ஜாயின்களின் அடைப்புக்குறியை, அதாவது எதை முதலில் சேர்ப்பது என்பதை, மாற்றும் விதி. பிறகு குவெரியைச் சுருக்கினேன். ஒரு டேபிளை எடுத்துவிட்டு விதி இயங்கும்போதும் அணைந்திருக்கும்போதும் ஓட்டிப் பார்ப்பேன். விடைகளுக்குள் வித்தியாசம் இன்னும் இருந்தால் அந்த டேபிள் தேவையில்லை. ஒன்பது டேபிள்கள் மூன்றாகச் சுருங்கின.

மிஞ்சியது இதுதான். வாடிக்கையாளர் டேபிளோடு ஆர்டர் டேபிள் லெஃப்ட் ஜாயின். அதன் நிபந்தனையிலேயே குறிப்பிட்ட மாதமும் இருக்கிறது. அதன்மேல் தள்ளுபடி டேபிள் இன்னொரு லெஃப்ட் ஜாயின். இரண்டாவது ஜாயினின் நிபந்தனையில் ஒரு கோஅலெஸ்: ஆர்டரில் கூப்பன் வெற்றாக இருந்தால் அதை ‘பொது’ என்று எடுத்துக்கொண்டு தள்ளுபடியின் குறியீட்டோடு ஒப்பிடு.

அந்த மாதம் ஆர்டரே போடாத ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியபடியே ஓட்டினால், முதல் லெஃப்ட் ஜாயின் அவருக்கு ஆர்டர் புலங்கள் எல்லாவற்றையும் வெற்றாக வைக்கும். கூப்பனும் வெற்று. கோஅலெஸ் அதை ‘பொது’ ஆக்கும். தள்ளுபடி டேபிளில் ‘பொது’ பதிவு இருக்கிறது, எனவே அவருக்கு ஒரு தள்ளுபடித் தொகை வரும். இப்போது அடைப்புக்குறியை மாற்றி ஆர்டரையும் தள்ளுபடியையும் முதலில் சேர்த்து, அந்தக் கூட்டத்தை வாடிக்கையாளரோடு லெஃப்ட் ஜாயின் செய்தால்? ஆர்டர் இல்லாதவருக்கு அந்தக் கூட்டத்தில் பொருந்தும் பதிவே கிடையாது. ஆர்டரும் வெற்று, தள்ளுபடியும் வெற்று. இரண்டு பிளானிலும் அவருக்கு ஒரு பதிவு வருகிறது, அதனால் எண்ணிக்கை மாறாது. தொகை மட்டும் காணாமல் போகிறது. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பழைய டெஸ்ட்கள் இதைப் பிடித்திருக்கவே முடியாது.

விதி தன்னளவில் தவறில்லை. இரண்டு லெஃப்ட் ஜாயின்களை இப்படி மாற்றலாம், ஆனால் மேலே உள்ள ஜாயினின் நிபந்தனை நடு டேபிளின் (இங்கே ஆர்டரின்) வெற்று மதிப்புகளை நிராகரிக்க வேண்டும். அதாவது நடு டேபிளின் புலங்கள் எல்லாம் வெற்றாக இருந்தால் அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மை ஆகக்கூடாது. சாதாரணச் சமக்குறி ஒப்பீடு அப்படித்தான் நடக்கும்: வெற்றோடு எதை ஒப்பிட்டாலும் விடை வெற்று, உண்மை ஆகாது. எங்கள் புரோகிராம் கோடு இந்தச் சோதனையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நிபந்தனையின் மேல்மட்டத்தில் சமக்குறி இருக்கிறதா, அதில் நடு டேபிளின் புலம் எங்காவது வருகிறதா என்று பார்த்ததோடு நின்றுவிட்டது. அந்தப் புலம் ஒரு கோஅலெஸுக்குள் ஒளிந்திருக்கலாம் என்று அது யோசிக்கவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. வெற்று மதிப்பை நிராகரிக்கிறதா என்று பார்க்கும் சோதனை எங்கள் கோடில் இரண்டு இடத்தில் இருந்தது. லெஃப்ட் ஜாயினை இன்னர் ஜாயினாக எளிமைப்படுத்தும் விதிக்கும் அதே சோதனை தேவை. அங்கே தனியாக ஒரு பிரதி, அதில் கோஅலெஸ் பிரச்சினையை யாரோ எப்போதோ திருத்தியிருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். எளிமைப்படுத்தும் விதி பொருந்தும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இயங்கும், தவறு இருந்தால் சீக்கிரமே வெளியே வரும். ஜாயின் வரிசை விதியோ ஒரு மாற்று பிளானை உருவாக்கி வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பிளான் மலிவாக இருந்தால்தான் தேர்வாகும். எங்கள் விதி பல மாதங்களாகத் தவறான பிளானை உருவாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. செலவுக் கணக்கு அதை ஒவ்வொரு முறையும் ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. புள்ளிவிவரம் புதுப்பிக்கப்பட்ட அன்று, அந்த மாதத்தின் ஆர்டர்கள் நினைத்ததைவிட மிகக் குறைவு என்று ஆப்டிமைசருக்குத் தெரிந்தது. சின்ன ஆர்டர் கூட்டத்தை முதலில் தள்ளுபடியோடு சேர்த்துவிட்டால், பெரிய வாடிக்கையாளர் டேபிளை ஒரே ஒரு ஜாயின் வழியாகக் கடத்தினால் போதும். அது உண்மையிலேயே மலிவான பிளான். தவறான பிளானும் அதுதான்.

அவசரத்தில் நான் செய்த முதல் திருத்தம், அந்த விதியையே எடுத்துவிடுவது. தவறான விடை நின்றது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது. சில நொடிகளில் முடிந்துகொண்டிருந்த இன்னொரு அறிக்கை பல நிமிடங்கள் ஓட ஆரம்பித்தது. அந்தக் குவெரியில் நிபந்தனைகள் எல்லாம் நேரான சமக்குறிகள். வரிசையை மாற்றுவது முழுக்கச் சரியான இடம் அது. தவறான விடையை உடனே நிறுத்த விதியை அணைத்ததில் இப்போதும் எனக்கு வருத்தமில்லை. அதைத் திருத்தம் என்று பெயரிட்டு டிக்கெட்டை மூடியதுதான் தவறு. தற்காலிகமாக அணைப்பதற்கும் திருத்துவதற்கும் தனித்தனி டிக்கெட் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வேலை நடக்கவே நடக்காது.

இரண்டாவது முறை சோதனையை அடியிலிருந்து எழுதினேன். யோசனை எளியது: நிபந்தனையில் நடு டேபிளின் புலங்கள் வரும் இடத்திலெல்லாம் வெற்று மதிப்பைப் போட்டுவிட்டு, மற்றவற்றைத் தெரியாதவை என்று வைத்துக்கொண்டு மதிப்பிட்டுப் பார். விடை உண்மை ஆகவே முடியாது என்று நிரூபணமானால் மட்டும் சரி. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கூடாது. இந்த வழியில் கோஅலெஸுக்குத் தனி விதிவிலக்கு எழுத வேண்டியதில்லை. வெற்று மதிப்பை வேறொன்றாக மாற்றும் எல்லாமே தானாகவே மாட்டிக்கொள்ளும். ‘அல்லது வெற்றாக இருந்தால்’ என்று சேர்த்து எழுதும் நிபந்தனையும் அப்படியே. வெற்று அல்லது உண்மை என்றால் உண்மை, ஆகவே கூடாது.

மறுப்பைக் குறிக்கும் நாட் விஷயத்தில்தான் சறுக்கினேன். ‘வெற்று மற்றும் தெரியாதது’ என்பதன் விடை வெற்றாகவோ பொய்யாகவோதான் இருக்கும், உண்மை ஆகாது. சரி, அது நிராகரிக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அதன் வெளியே ஒரு நாட் வந்தால்? வெற்றின் மறுப்பு வெற்றுதான், எனவே அதுவும் நிராகரிக்கும் என்று கோடு எழுதிவிட்டேன். ஆனால் உள்ளே வந்தது பொய்யாக இருந்தால் நாட் அதை உண்மையாக்கிவிடும். ‘கண்டிப்பாக வெற்று’, ‘உண்மை ஆகாது, ஆனால் பொய்யாகலாம்’ என்ற இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதால் வந்த வினை. கடைசியில் ஒவ்வொரு துணை நிபந்தனைக்கும் அது உண்மையாக முடியுமா, பொய்யாக முடியுமா, வெற்றாக முடியுமா என்று மூன்று தனிக் கொடிகளை வைத்தேன். நாட் வந்தால் முதல் இரண்டும் இடம் மாறும், மூன்றாவது அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு கோடு சின்னதாகவும் படிக்க எளிதாகவும் ஆகிவிட்டது. மூன்று மதிப்புகள் உள்ள தர்க்கத்தை ஒரே ஒரு ஆம்–இல்லை பதிலுக்குள் திணிக்கப் பார்த்தால் எங்காவது ஒரு மூலையில் அது பிதுங்கும். பழைய இரண்டு பிரதிகளையும் அழித்துவிட்டு இரண்டு விதிகளையும் இதையே கூப்பிட வைத்தோம்.

நாட் பிழையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக எழுதிய டெஸ்ட் பிடித்தது, வெளியே போவதற்கு முன்னால். அந்த டெஸ்ட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு குவெரிக்கு ஆப்டிமைசர் தேர்ந்தெடுக்கும் பிளானை மட்டும் ஓட்டிப் பார்த்தால் செலவுக் கணக்கு ஒதுக்கித் தள்ளிய தவறுகள் கண்ணில் படவே படாது. ஆகவே எல்லா பிளான்களையும் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். மூன்று, நான்கு டேபிள்கள் உள்ள குவெரிக்கு இது சாத்தியமே. ஐந்து டேபிள்களுக்குக்கூட, எல்லாம் இன்னர் ஜாயினாக இருந்து எல்லா வரிசைகளையும் அனுமதித்தால் 1,680 வடிவங்கள்தான். அதற்கு மேலே போனால் செலவுக் கணக்கில் தற்செயலான எண்களைக் கலந்துவிடுவோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆப்டிமைசர் வேறு வேறு பிளானைத் தேர்ந்தெடுக்கும். ஒப்பிடுவதற்கான அடிப்படை விடை, எல்லா வரிசை விதிகளையும் அணைத்துவிட்டு எழுதியபடியே ஓட்டியது.

டேட்டா பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. டேபிளுக்கு மூன்று பதிவுகள் வரை போதும். ஆனால் வெற்று மதிப்பு வேண்டும், ஒரே மதிப்பு இருமுறை வரவேண்டும், ஒரு டேபிளாவது சில நேரம் காலியாக இருக்கவேண்டும். மதிப்புகளை வெற்று, 1, 2 என்ற மூன்றுக்குள் வைத்துக்கொண்டால் பொருத்தமும் பொருந்தாமையும் அடிக்கடி நிகழும். பெரிய டேட்டாவில் தற்செயலாக எண்களை நிரப்பினால் எதுவும் எதோடும் பொருந்தாது. எல்லா டெஸ்ட்டும் பச்சையாக வரும், ஒன்றையும் சோதித்திருக்காது. நாட் பிழை மாட்டியது மொத்தம் நான்கே நான்கு பதிவுகள் உள்ள மூன்று டேபிள்களில்.

ஒப்பிடும்போது சில பள்ளங்கள் உண்டு. ஒரே பதிவு இரண்டு முறை வந்திருந்தால் இரண்டு முறை என்றே எண்ண வேண்டும், இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் ஜாயின் பிழைகளில் பாதி மறைந்துவிடும். மிதவைப் புள்ளி (ஃப்ளோட்டிங் பாயின்ட்) எண்களின் கூட்டலை இந்த டெஸ்ட்டில் வைக்கக்கூடாது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறலாம், பொய்யான எச்சரிக்கையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். வரிசைப்படுத்தாமல், சில பதிவுகள் மட்டும் போதும் என்று லிமிட் போட்ட குவெரியும் அப்படியே. இன்னொன்று, எந்த விதி எத்தனை முறை இயங்கியது என்று எண்ணிவையுங்கள். எங்கள் பழைய டெஸ்ட் தொகுப்பில் இந்த அடைப்புக்குறி விதி ஒருமுறைகூட தேர்வான பிளானுக்குள் வந்ததில்லை. அந்த எண்ணிக்கை முன்பே திரையில் இருந்திருந்தால் புகாருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

வெளிப்புறத்திலிருந்து சோதிக்க நல்ல கருவிகளும் இருக்கின்றன. மானுவேல் ரிக்கரும் ஜென்டாங் சூவும் 2020-இல் வெளியிட்ட முறைகளில் ஒன்று, நிபந்தனையை உண்மை, பொய், வெற்று என்று மூன்றாகப் பிரித்து மூன்று விடைகளையும் சேர்த்தால் முழு விடை வருகிறதா என்று பார்க்கிறது. எஸ்க்யூஎல்லான்ஸர் என்ற திறந்த மூலக் கருவியில் அது இருக்கிறது. உள்ளே ஒரு சுவிட்சும் இல்லாத எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

விதிகளை ஒன்றோடொன்று அருகருகே மட்டும் சோதிப்பது போதாது என்பதையும் இந்தச் சோதனைகளில்தான் உணர்ந்தோம். இன்னர், லெஃப்ட், ஆன்டி (பொருத்தம் இல்லாத பதிவுகளை மட்டும் தருவது) ஜாயின்கள் கலந்து வரும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் எந்த மாற்றம் செல்லும் என்று ஒரு அட்டவணை வேண்டும். அதை வைத்து எந்த டேபிள்கள் முதலில் வந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஒவ்வொரு ஜாயினோடும் கடைசிவரை சுமந்துகொண்டு போகவேண்டும். கீடோ மோர்கோட்டேயும் உடன் எழுதியவர்களும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகச் செய்துகாட்டுகிறது. அடுத்த பதிப்பில் நாங்கள் அந்த வழிக்கே போனோம். சொந்தமாக விதி யோசிப்பதற்கு முன்னால் அந்த அட்டவணையை ஒருமுறை கையால் சரிபார்த்துப் பாருங்கள். ஒரு வார இறுதி ஆகும், ஆனால் அதன் பிறகு லெஃப்ட் ஜாயினைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

திருத்தம் போனபிறகு இன்னொரு குவெரி மெதுவானது. இந்த முறை விடை சரி, மதிப்பீடு தவறு. முதல் டேபிளின் எண் இரண்டாவதோடு சமம், இரண்டாவது மூன்றாவதோடு சமம் என்றால் முதலும் மூன்றும் சமம் என்று ஆப்டிமைசர் தானே வருவித்துக்கொள்ளும். வரிசை மாற்றத்துக்கு அது நல்லது. ஆனால் மூன்றாவது டேபிளைச் சேர்க்கும்போது இரண்டு சமன்பாடுகளையும் தனித்தனி வடிகட்டிகளாக எண்ணிப் பெருக்கியிருந்தோம். 1,000 வெவ்வேறு மதிப்புகள் இருந்தால் ஆயிரத்தில் ஒன்று என்று வரவேண்டிய இடத்தில் பத்து லட்சத்தில் ஒன்று என்று வந்தது. ஒரு பதிவுதான் வரும் என்று நம்பி ஆப்டிமைசர், ஒவ்வொரு பதிவுக்கும் மறு டேபிளில் தனியாகத் தேடும் நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரே சமத்தொகுதியிலிருந்து வரும் நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் எண்ணும்படி மாற்றியதும் சரியானது.

எஞ்சின் எழுதாமல் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடையில் சந்தேகம் வந்தால் வரிசையைப் பூட்டிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ‘ஜாயின் கொலாப்ஸ் லிமிட்’ என்ற செட்டிங்கின் இயல்பு மதிப்பு 8. அதை 1 ஆக்கினால் வெளிப்படையாக எழுதிய ஜாயின்கள் எழுதிய வரிசையிலேயே சேர்க்கப்படும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் இன்னர் ஜாயின்களின் வரிசையைப் பூட்ட ஸ்ட்ரெயிட் ஜாயின் உண்டு. இரண்டு விடைகளும் வேறுபட்டால், லிமிட், மிதவைப் புள்ளிக் கூட்டல் போன்ற காரணங்கள் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பிளான்களையும் புள்ளிவிவரங்களோடு சேர்த்துப் புகார் எழுதுங்கள். அப்படிப்பட்ட புகார் கையில் கிடைத்தால் எங்களைப் போன்றவர்களின் வேலை பாதி முடிந்த மாதிரி.

கடைசியாக மீந்த கேள்வி, பயனர்கள் தாங்களே எழுதும் ஃபங்ஷன்கள். உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாததால் எங்கள் புதிய சோதனை அவற்றைப் பார்த்ததும் ‘கூடாது’ என்று சொல்லிவிடும். சிலருக்கு அதனால் நல்ல பிளான் கிடைக்காமல் போனது. வெற்று வந்தால் வெற்றைத் திருப்பும் என்று ஃபங்ஷனை எழுதியவரே அறிவிக்க ஒரு அடையாளம் வைக்கலாமே என்று குழுவில் கேட்டார்கள். நான் மறுத்துக்கொண்டிருந்தேன், ஒருவர் தவறாக அறிவித்துவிட்டால் மறுபடி அதே கூட்டுத்தொகை காணாமல் போகும் என்பதற்காக. போஸ்ட்கிரெஸ் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தபோது வழி கிடைத்தது. அங்கே ஸ்டிரிக்ட் என்று அறிவித்த ஃபங்ஷனுக்கு வெற்று மதிப்பு வந்தால் எஞ்சின் அதைக் கூப்பிடுவதே இல்லை, நேராக வெற்றைத் திருப்பிவிடுகிறது. எங்கள் எஞ்சினிலும் முதலில் அந்தப் பகுதியை எழுதி முடித்தோம். அதற்கு அடுத்த வாரம்தான் ஆப்டிமைசர் அந்த அடையாளத்தை நம்பும் கோடைச் சேர்த்தேன்.